கூலியும் கூலியாளும்: ஒரு சொல்லாய்வு

சில ஆண்டுகளுக்கு முன்னர் ராயபுரத்திலுள்ள ஒரு சபையில் திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமையை (மத். 20:1-16) எடுத்துப் பிரசங்கித்தோம். ஆராதனை முடிந்தபின், துறைமுகத்தில் நெடுங்காலம் மூட்டை சுமந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஐயரே, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அதிகாரி இருந்தார். இங்கிலீஷில் பேசும்போது எங்களைக் 'கூலி' என்றுதான் சொல்லுவார். கூலி என்பது நான் சாயங்காலம் வாங்குகிறதல்லவா? நான் எப்படிக் கூலியாவேன்? இன்றைக்கு நீங்களும் பிரசங்கத்தில் 'அந்தக் கூலிகள்' என்று நாலைந்து தரம் சொல்லிவிட்டீர்களே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை; வருத்தம் இருந்தது.

அவருக்கு அப்போது தக்க மறுமொழி கூற நம்மால் இயலவில்லை. வீடு திரும்பியதும் திருமறையைத் திறந்து பார்த்தோம். நாம் பிரசங்கித்த பகுதியில் வேலையாட்கள் எவரும் 'கூலி' என்று அழைக்கப்படவில்லை. அங்கே கூலி என்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பணம் மட்டுமே. அப்படியாயின், நம் வாயில் வந்த 'கூலிகள்' எங்கிருந்து வந்தது? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. இச்சொல் தமிழில் பெற்ற பொருளையும், ஆங்கிலத்தில் அடைந்த பொருளையும், திருமறையில் நிற்கும் நிலையையும் ஈண்டு முறையே நோக்குவோம்.

1. தமிழில் கூலி

தமிழில் கூலி என்பது செய்த வேலைக்குரிய ஊதியம். மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் இச்சொல் இப்பொருளில் வழங்குகிறது. ஆகவே இது தென்னாட்டு மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல் என்பதில் ஐயமில்லை. வள்ளுவர் 'ஆள்வினையுடைமை' என்னும் அதிகாரத்தில் (குறள் 619) இச்சொல்லை ஆண்டுள்ளார். தெய்வத்தால் ஆகாத இடத்திலும், உடலை வருத்தி முயன்றவனுக்கு அம்முயற்சிக்கேற்ற பயன் கிட்டும் என்பது அவர் கருத்து. அப்பயனுக்கு அவர் இட்ட பெயர் கூலி. இதில் இழிவு ஏதுமில்லை. உழைத்தவனுக்கு உரியது என்னும் உறுதியே தொனிக்கிறது.

மதுரையில் வந்தி என்னும் மூதாட்டிக்காக இறைவன் பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமந்தான் என்னும் திருவிளையாடற் கதையைத் தமிழ் மக்கள் இன்றும் விழாவெடுத்து நினைக்கின்றனர். கூலிக்கு வேலை செய்வது கடவுளுக்கும் அடுக்காத செயலன்று என்று எண்ணிய பண்பாட்டிலே இச்சொல் வளர்ந்தது. நடைமுறையில் உழைப்பவர் இழிவாக நடத்தப்பட்டது உண்மையே. சாதியின் பெயரால் கூலி மறுக்கப்பட்டதும், கூலிக்குப் பதில் கஞ்சி ஊற்றப்பட்டதும் நாம் அறிந்தவையே. ஆயினும் சொல்லைப் பொறுத்தமட்டில், இழிவு அதன் வேரில் இல்லை.

இன்றைய வழக்கையும் கவனித்தல் வேண்டும். நாள்கூலி, அத்தக்கூலி, சுமைக்கூலி, வண்டிக்கூலி, தையற்கூலி, பொற்கொல்லரின் செய்கூலி ஆகிய அனைத்திலும் கூலி என்பது பணம். வேலை செய்பவரைக் குறிக்கவேண்டுமாயின் தமிழ் இன்னொரு சொல்லையோ விகுதியையோ கூட்டும்: கூலியாள், கூலிக்காரர், கூலித்தொழிலாளி. ஆள் வேறு, அவர் வாங்கும் கூலி வேறு. இலக்கணம் இங்கே ஒரு வேலி கட்டியிருக்கிறது எனலாம்.

சில தொடர்களில் இச்சொல்லுக்கு நிழல் படிந்திருப்பதும் உண்மை. லஞ்சத்தையும் வரதட்சணையையும் கைக்கூலி என்கிறோம். பணத்துக்காகக் கொலை செய்பவரைக் கூலிப்படை என்கிறோம். மனமின்றி வேலை செய்பவரைக் 'கூலிக்கு மாரடிக்கிறார்' என்கிறோம். பிறர் வீட்டுச் சாவில் பணம் பெற்று மார்பில் அடித்து அழுவோரிடமிருந்து பிறந்த வழக்கு இது. இவற்றில் பழிக்கப்படுவது உழைப்போ, அதற்குரிய ஊதியமோ அன்று. விலைக்கு விற்கக்கூடாத நீதியையும், உயிரையும், துக்கத்தையும் விலைக்கு விற்பதே பழிக்கப்படுகிறது.

2. ஆங்கிலத்தில் கூலி

இச்சொல் ஆங்கிலத்துக்குச் சென்ற வழியைப்பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. இந்தியச் சட்ட, வருவாய்ச் சொற்களைத் தொகுத்து 1855-இல் அகராதி வெளியிட்ட வில்சன், தென்னாட்டுக் 'கூலி'யே மூலம் என்று கருதினார். 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் புகழ்பெற்ற சொற்களஞ்சியத்தின் ஆசிரியர்களாகிய யூலும் பர்னலும், குஜராத் முதலிய மேற்குப் பகுதிகளில் வாழும் கோலி என்னும் இனத்தாரின் பெயரே முதலில் சுமைதூக்குவோரைக் குறிக்க வழங்கிற்று என்றனர். ஆனால் தென்னாட்டுச் சொல்லின் சாயலும் அதனுடன் கலந்திருக்கக்கூடும் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. மேற்குக் கரையில் ஓர் இனத்தின் பெயரைக் கேட்ட ஐரோப்பியர், கிழக்குக் கரையில் அதே ஓசையில் ஊதியத்தின் பெயரைக் கேட்டு, இரண்டையும் ஒன்றெனக் கொண்டிருத்தல் இயல்பே.

மூலம் எதுவாயினும் விளைவு ஒன்றே. இனப்பெயரிலிருந்து வந்ததாயின், ஓர் இனத்தாரின் பெயர் உலகெங்கும் சுமைதூக்குவோரின் பெயராயிற்று. தமிழிலிருந்து வந்ததாயின், ஊதியத்தின் பெயர் மனிதனின் பெயராயிற்று. இரு வழியிலும் மனிதனுக்குத் தன் பெயர் இல்லாமற் போயிற்று. தமிழ் இலக்கணம் கட்டிய வேலியை ஆங்கில வழக்கு இடித்துவிட்டது.

வணிகக் கப்பல்கள் இச்சொல்லைக் கிழக்கே கொண்டு சென்றன. மலாய் மொழியில் அது குலி ஆயிற்று. சீனர் இதே ஓசைக்கு இரண்டு எழுத்துகளைத் தெரிந்தெடுத்தனர். முதலாவதற்குக் கசப்பு என்றும், இரண்டாவதற்கு வலிமை என்றும் பொருள். சொல்லின் பிறப்பை இது காட்டுவதில்லை. ஆனால் அதைச் சுமந்தவர்களின் வாழ்வை நன்கு காட்டுகிறது.

3. கப்பலேறிய சொல்

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் இயற்றப்பட்டு, 1834 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் நின்ற இடத்தை நிரப்ப, அதே ஆண்டிலேயே இந்தியாவிலிருந்து மொரீஷியசுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் அனுப்பப்பட்டனர். 1860-இல் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு, நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. இன்று ராயபுரத்துக்குத் தெற்கே நாம் காணும் துறைமுகம் அப்போது இல்லை. அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1875-இல். மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து, நடுக்கடலில் நின்ற கப்பலில் ஏறவேண்டியிருந்த காலம் அது.

நேட்டாலில் அவர்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி. அங்கே 'கூலி' என்னும் சொல் வேலையின் எல்லையையும் கடந்தது. வணிகரும், ஆசிரியரும், வழக்கறிஞரும்கூடக் கூலிகளே எனப்பட்டனர். 1893-இல் அங்குச் சென்ற காந்தியடிகள் 'கூலி பாரிஸ்டர்' என்று அழைக்கப்பட்டதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். தமிழர் பெயர்களின் இறுதியில் வரும் 'சாமி' என்பதும் அங்கே ஏளனச் சொல்லாயிற்று என்கிறார். கடவுளையும் தலைவனையும் குறிக்கும் சொல்லுக்கே அந்நிலை ஏற்பட்டதென்றால், கூலிக்கு நேர்ந்ததைச் சொல்லவேண்டுவதில்லை.

அந்நூலில் பாலசுந்தரம் என்னும் தமிழரைப்பற்றி அவர் எழுதும் பகுதி போதகர் அனைவரும் படிக்கத்தக்கது. ஒப்பந்தத் தொழிலாளியாகிய அவர், எசமானால் அடியுண்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையிலேந்தியவாறு காந்தியடிகளிடம் வந்தார். ஐரோப்பியர் முன்னிலையில் தலைப்பாகையைக் கழற்றவேண்டும் என்னும் கட்டாயத்துக்குப் பழகியவர், இந்தியர் ஒருவர் முன்னும் அவ்வாறே நின்றார். காந்தியடிகள் முதலில் அவரைத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பின்பு அவரை வேறொரு எசமானிடம் மாற்றுவித்தார். மருத்துவமும் வழக்கும் ஒருபுறமிருக்க, 'கூலி' எனப்பட்டவருக்கு மனிதன் என்னும் நிலை அந்தத் தலைப்பாகையோடு திரும்பி வந்தது.

இலங்கை மலையகத்தில் நடந்தது வேறொரு பாடம். கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களில் முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டிச் சென்றனர். அக்கடன் ஒரு 'துண்டு'ச் சீட்டில் எழுதப்பட்டது. கடனை ஏற்றுக்கொள்ளும் இன்னொரு தோட்டத்துக்கு அச்சீட்டோடு தொழிலாளியும் மாற்றப்படுவார். 1921-இல்தான் இத்துண்டு முறை ஒழிக்கப்பட்டது. உழைத்தவருக்குத் தோட்டம் கூலி கொடுக்கவேண்டும் என்பது போய், உழைத்தவரே தோட்டத்துக்குக் கடன்பட்டவர் என்றாயிற்று.

நம் திருச்சபையும் இதில் அந்நியமாய் நிற்கவில்லை. 1850-களில் சி.எம்.எஸ். சங்கத்தார் இம்மலைத் தோட்டங்களில் அருட்பணி தொடங்கியபோது, அதற்கு வழங்கிய பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. திருநெல்வேலிச் சபைகளிலிருந்து உபதேசிமார் அங்குச் சென்று உண்மையாய் உழைத்தனர். அவர்களுடைய தொண்டை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும், சுவிசேஷத்தைக் கொண்டுசென்றவர்களும் தோட்டத்துரை இட்ட பெயராலேயே அம்மக்களை அழைத்தனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

4. திருமறையில் கூலி

எபிரேய மொழியில் கூலிக்கு 'சாகார்' என்றும், கூலிக்காரனுக்கு 'சாகீர்' என்றும் பெயர். ஒரே வேரில் தோன்றினும், தமிழிற் போலவே அவை இருவேறு சொற்கள். கூலிக்காரனுடைய கூலியைப் பொழுதுபோகுமுன் கொடுத்துவிடவேண்டும் என்று நியாயப்பிரமாணம் கட்டளையிடுகிறது (உபா. 24:14, 15). அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான், அவன் முறையிட்டால் அது உனக்குப் பாவமாகும் என்பது அதற்குக் காட்டப்படும் காரணம். அவன் உன் சகோதரனானாலும், உன் வாசல்களிலுள்ள அந்நியனானாலும் சட்டம் ஒன்றே என்பதையும் அப்பகுதி சேர்த்துக் கூறுகிறது.

கிரேக்கத்தில் கூலி என்பது 'மிஸ்தோஸ்'. கூலியாள் 'மிஸ்தோத்தோஸ்' அல்லது 'மிஸ்தியோஸ்'. நம் பழைய மொழிபெயர்ப்பில் திராட்சத்தோட்ட உவமையிலும் (மத். 20:8), வேலையாளின் தகுதியைக் கூறுமிடத்திலும் (லூக். 10:7), பவுல் தம் ஊழியத்தைப் பேசுமிடத்திலும் (1 கொரி. 3:8) மிஸ்தோஸ் என்பது கூலியென்றே வருகிறது. ஆனால் அதே சொல் மலைப்பிரசங்கத்தில் பரலோகத்தைக் குறித்து வரும்போது (மத். 5:12) 'பலன்' ஆகிவிடுகிறது. தோட்டத்தில் கிடைத்தால் கூலி, பரலோகத்தில் கிடைத்தால் பலன் என்று நம் காது பிரித்துக் கேட்கிறது. மூலமொழி அவ்வாறு பிரிக்கவில்லை. துறைமுகத் தொழிலாளி சாயங்காலம் கைநீட்டி வாங்குவதற்கும், நாம் பரத்தில் எதிர்நோக்குவதற்கும் ஆண்டவர் ஒரே சொல்லை வழங்கினார்.

'பாவத்தின் சம்பளம்' என்று நாம் மனப்பாடமாய் அறிந்த இடத்தில் (ரோமர் 6:23) வேறொரு சொல் உண்டு. அது 'ஒப்சோனியா', போர்வீரருக்கு அளிக்கப்பட்ட படிப்பணம். அப்பத்தோடு கூட்டி உண்ணும் பதார்த்தத்தைக் குறித்த 'ஒப்சோன்' என்பதிலிருந்து அது பிறந்தது. யோவான் ஸ்நானன் போர்வீரரை நோக்கிப் போதுமென்றிருக்கச் சொன்னதும் (லூக். 3:14) இதையே. ஆங்கிலத்தில் இவ்விரு கிரேக்கச் சொற்களும் சில இடங்களில் ஒரே சொல்லால் பெயர்க்கப்பட, தமிழ் கூலியென்றும் சம்பளமென்றும் வேறுபடுத்தியிருப்பது பாராட்டத்தக்கது.

இனி, பவுல் கூறும் ஒரு கருத்தைத் துண்டு முறையோடு ஒப்பிட்டு நோக்குவோம். வேலை செய்கிறவனுக்கு வரும் கூலி கிருபையாக எண்ணப்படுவதில்லை, கடனாக எண்ணப்படும் என்கிறார் அவர் (ரோமர் 4:4). விசுவாசத்தால் நீதிமானாகுதலை விளக்க வந்த இடம் அது. எனினும் அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் தெளிவானது: கூலி என்பது எசமான் தொழிலாளிக்குப் பட்ட கடன். கங்காணிச் சீட்டு இதைத் தலைகீழாக்கியது. கடனைத் தருமம்போல் காட்டும் எவரும் பவுலின் வாதத்தையே குலைக்கிறார். எசமான் கூலியைக் கிருபைபோல் கொடுக்கும் ஊரில், கடவுளின் கிருபையைப்பற்றிப் பிரசங்கிப்பது கடினம்.

'கூலியாள்' என்னும் சொல் இழிவாக ஒலிக்குமிடம் நல்ல மேய்ப்பனின் உரை (யோவான் 10:12, 13). இப்பகுதியைக் கொண்டு கூலிவேலை செய்வோரைத் தாழ்த்திப் பேசுதல் தவறு. செபதேயுவின் படவில் இருந்த கூலியாட்களுக்கும் (மாற்கு 1:20) இதே கிரேக்கச் சொல்தான்; அங்கே ஒரு குறையும் கூறப்படவில்லை. யோவானில் கண்டிக்கப்படுபவன், ஓநாய் வருகையில் ஆடுகளை விட்டு ஓடும் மேய்ப்பன். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், கூலிக்கு மாரடிப்பவன். அக்கண்டனம் மூட்டை சுமப்போரை நோக்கியதன்று, மந்தையின் பொறுப்பை ஏற்ற நம்மை நோக்கியது.

இளைய குமாரனின் வரலாறு இதை முடித்துவைக்கிறது. கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்படி கேட்கவேண்டுமென்று அவன் வழியிலே வார்த்தைகளைக் கட்டிக்கொண்டு வருகிறான் (லூக். 15:19). தகப்பனிடம் அறிக்கையைச் சொல்லுகிறான். ஆனால் அந்த இறுதி வேண்டுதலுக்குத் தகப்பன் இடங்கொடுக்கவில்லை. அவனுக்குக் குமாரன் என்னும் பெயரே திரும்பக் கிடைக்கிறது. அவ்வீட்டுக் கூலிக்காரருக்கு உணவு குறைவின்றிக் கிடைத்தது என்பதையும் அக்கதை சொல்லாமல் விடவில்லை.

5. மீண்டும் ராயபுரம்

முதியவர் நம்மிடம் இன்னொன்றும் சொன்னார். "ஐந்து மணி ஆளை நீங்கள் சோம்பேறி என்றீர்கள். அவனை ஒருவரும் கூப்பிடவில்லை என்று அவனே சொல்லுகிறானே. வாசலில் நின்று பார்த்தவனுக்குத்தான் அது தெரியும்" என்றார். உண்மை, வேதவசனம் அவர் பக்கமே இருந்தது (மத். 20:7).

காலையில் துறைமுக வாசலில் கூட்டம் நிற்க, மேஸ்திரி விரல் நீட்டிச் சிலரைத் தெரிந்தெடுப்பான். மற்றவர் வெறுங்கையாய்த் திரும்புவர். இந்நிலையை மாற்ற 1948-இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குச் சட்டம் வந்தது. அதன்கீழ் அமைந்த திட்டங்களில் தொழிலாளர் பெயர்கள் பதிவு செய்யப்பட்டன. குறைந்த அளவு கூலிக்கு உறுதி அளிக்கப்பட்டது. வேலைக்கு ஆயத்தமாய் வந்தும் வேலை கிடைக்காத நாளுக்கு வருகைப்படி என ஒரு தொகையும் ஏற்பட்டது. திராட்சத்தோட்டத்து எசமான் செய்ததன் ஒரு சிறு சாயல் அதில் இல்லையா? நின்றவனுக்கும் வயிறு உண்டு, அவன் வீட்டிலும் அடுப்பு உண்டு என்பதை அச்சட்டம் ஒப்புக்கொண்டது.

அச்சட்டம் தானாக வந்ததன்று. 1918 ஏப்ரலில் பி. பி. வாடியா, திரு. வி. க. முதலியோர் துணையுடன் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் 'சென்னைத் தொழிலாளர் சங்க'த்தை நிறுவினர். 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். 'கூலி' என்று அழைக்கப்பட்டோர் தம்மைத் 'தொழிலாளர்' என்று தாமே அழைத்துக்கொண்டது அவ்வியக்கங்களில்தான். தமக்குத் தாமே பெயரிடுதல் விடுதலையின் தொடக்கம் எனின் மிகையாகாது.

பின்னர் கொள்கலன்கள் வந்தன. பாரந்தூக்கிகள் மூட்டை சுமந்த தோள்களின் வேலையை ஏற்றன. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெருந்துறைமுகங்களிலிருந்து விலக்க 1997-இல் வேறொரு சட்டம் வழிசெய்தது. இன்று ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள பண்டகசாலைகளிலும், ஆலைகளிலும், கட்டுமானங்களிலும் ஒப்பந்தக்காரரின்கீழ் உழைப்போர் மிகப் பலர். பீகாரிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும், வங்காளத்திலிருந்தும் வந்தோர் அவர்களில் அடங்குவர். அவர்களுடைய பெயரைக் கேளாமல் 'வடக்கன்' என்று ஒரே சொல்லால் சுட்டுகிற பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. நேட்டாலில் நம் மூதாதையருக்கு நேர்ந்ததை, ராயபுரத்தில் நாம் பிறருக்குச் செய்கிறோம். அன்று 'சாமி' என்று ஏளனம் கேட்ட காதுக்கு இது புரியாமற் போகலாகாது.

பெயரை மாற்றினால் போதுமா என்று கேட்கலாம். 2016-ஆம் ஆண்டு ரயில்வே வரவுசெலவுத் திட்டத்தில், நிலையங்களில் சுமை தூக்குவோர் இனிச் 'சகாயக்' எனப்படுவர் என அறிவிக்கப்பட்டது. நல்லெண்ணமே, ஆனால் பெயர் உயர்ந்து கூலி உயராவிட்டால் தலைச்சுமை குறையாது. யாக்கோபு கண்டிப்பதும், கூக்குரலிடுவதாகக் கூறுவதும் பிடித்துவைக்கப்பட்ட கூலியை (யாக். 5:4). சொல்லும் சீர்ப்படவேண்டும், பணமும் உரிய நேரத்தில் கைசேரவேண்டும்.

6. திருப்பணியாளருக்குச் சில குறிப்புகள்

முதலாவது, பிரசங்கத்திலும் ஜெபத்திலும் மனிதரைக் 'கூலிகள்' என்பதை விட்டுவிடுவோமாக. தமிழிலிருந்து சென்ற சொல், ஆங்கிலத்தில் காயப்பட்டு நம்மிடம் திரும்பியிருக்கிறது. வேலையாள், கூலியாள், தொழிலாளி என்னும் நல்ல சொற்கள் நமக்கு உண்டு.

இரண்டாவது, நம் சபைக் கணக்குகளைப் பார்ப்போமாக. போதகருக்குச் சம்பளம், ஆலயத்தைப் பெருக்குகிறவருக்குக் கூலி என்று எழுதுகிறோம். வேலையாள் தன் கூலிக்குத் தகுதியானவன் என்று ஆண்டவர் சொன்னது எழுபது பேரைப் பிரசங்கிக்க அனுப்பியபோது (லூக். 10:7). பிரசங்கியாருடைய வருவாய்க்கே அவர் கூலி என்று பெயரிட்டார். அப்பெயர் நமக்கு இழிவாயின், பெருக்குகிறவருக்கும் இழிவே. அவருக்குத் தகுமாயின், நமக்கும் தகும். அவருடைய கூலி மாதக்கடைசி வரை காத்திருக்கிறதா, பொழுதுபோகுமுன் கொடுக்கப்படுகிறதா என்பதையும் அக்கணக்குப் புத்தகமே சொல்லும்.

மூன்றாவது, உவமையின் முடிவில் முறுமுறுத்த வேலையாளை எசமான் 'சிநேகிதனே' என்று விளிக்கிறார். மத்தேயுவில் இவ்விளி கண்டிப்போடு கலந்து வருவது என்பதை அறிவோம் (மத். 22:12, 26:50). எனினும், கண்டிக்கும்போதும் அவர் அவனை அவன் வாங்கிய பணத்தின் பெயரால் அழைக்கவில்லை.

மறுமுறை அச்சபைக்குச் சென்றபோது அந்த முதியவரைத் தேடினோம். வழக்கமான கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு, முதல்முறையே கேட்டிருக்கவேண்டிய ஒன்றைக் கேட்டோம்: அவருடைய பெயரை.